மாவுக்கட்டிலிருந்து மறுநாள் நடைக்கு

சென்னையின் கோவிலம்பாக்கம் வயலும் ஏரியுமாக இருந்த காலத்தில், கபடியிலோ வரப்பில் வழுக்கியோ முட்டி திருகிக்கொண்டால் வைத்தியம் பெரும்பாலும் கட்டுதான். ஒன்று புத்தூர் கட்டு. இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்த்து, "எலும்புக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லிப் போடும் மாவுக்கட்டு. எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. வீக்கம் வடியும், வலி போகும். சட்டென்று திரும்பினால் மட்டும் முட்டி நழுவும். பரண் ஏறாமல், பாரம் தூக்காமல் அடிபட்டவர் மிச்ச வாழ்நாளை ஓட்டிவிடுவார்.

அறுவை சிகிச்சை வரை போனவர்களுக்கும் பெரிய விடிவு இல்லை. முட்டியை அகலமாகத் திறப்பார்கள். மெனிஸ்கஸ் எனும் பிறை வடிவக் குருத்தெலும்பு கிழிந்திருந்தால் முழுதாக எடுத்துவிடுவார்கள். அப்படி எடுத்த முட்டி பின்னாளில் தேய்கிறது என்று பிரிட்டன் மருத்துவர் ஃபேர்பேங்க் 1948-லேயே எழுதினார்; பழக்கம் மாறப் பல்லாண்டுகள் ஆயின. முட்டியை நழுவாமல் பிடிக்கும் ஏசிஎல் ஜவ்வைச் சரிசெய்த காலை வாரக்கணக்கில் மாவுக்கட்டில் அசையாமல் வைத்தார்கள். கட்டைப் பிரிக்கையில் தொடை சூம்பியிருக்கும், முட்டி மடங்க மறுக்கும்.

இன்று அதே ஊரின் வழியே 200 அடி ரேடியல் சாலை ஓடுகிறது. மேடவாக்கம் சாலையில் மெட்ரோ தூண்கள் எழுகின்றன. பைக் சறுக்கியோ, வார இறுதியில் டர்ஃப் மைதானத்தில் ஓடியோ முட்டியைக் கெடுத்துக்கொள்பவர்களுக்கு எம்.ஆர்.ஐ. கிழிசலைக் காட்டிவிடுகிறது. 1962-இல் ஜப்பானிய மருத்துவர் மசாகி வதனபே நுண்துளை வழியே மெனிஸ்கஸின் ஒரு பகுதியை மட்டும் அகற்றிக் காட்டிய முறை இன்று எங்கும் வழக்கம். ரத்த ஓட்டமுள்ள வெளி ஓரத்தில் கிழிந்திருந்தால் தைத்தே காப்பாற்றுகிறார்கள். ஏசிஎல்லுக்குப் பதிலாகத் தொடையின் பின்புறத் தசைநாணை எடுத்துப் பொருத்துகிறார்கள். அறுவைக்குப் பின் காலை அசையாமல் வைப்பது உதவியல்ல, உபத்திரவமே என்பதை 1990-இல் அமெரிக்க மருத்துவர் ஷெல்போர்ன் வெளியிட்ட அனுபவம் உலகுக்கு உணர்த்தியது.

அதனால் அறுவைக்கு மறுநாளே பயிற்சி தொடங்கிவிடுகிறது. கட்டிலில் காலை நீட்டி, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து அழுத்த வேண்டும். தொடைத் தசை இறுகி, முட்டிச் சில்லு மேல்நோக்கி நகர வேண்டும். முதல் சில நாள் எவ்வளவு முயன்றாலும் தசை பேச்சைக் கேட்காது. வீங்கிய முட்டி அதை முடக்கிவைத்திருக்கும். லிஃப்ட் இல்லாத மாடி வீட்டுக்காரருக்கு ஊன்றுகோலோடு ஒரு பாடம்: ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது ஆபரேஷன் கால் முன்னே. மெனிஸ்கஸ் தைத்தவர் சில வாரம் 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது. சம்மணமும் குந்தி உட்காருவதும் மாதக்கணக்கில் தள்ளிப்போகும்.

இத்தனை மாறியும் உடல் எடுத்துக்கொள்ளும் காலம் மாறவில்லை. பொருத்திய தசைநாண் முதல் சில மாதங்களில் பலம் குறைந்து, பிறகுதான் மெல்ல ஜவ்வாக உருமாறுகிறது. வலி விட்டுப்போய், "சரியாகிவிட்டது" என்று பைக்கை எடுக்கத் தோன்றுவதும் அதே மாதங்களில்தான். ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒன்பதாம் மாதம் வரை ஒவ்வொரு மாதமாகத் தள்ளிப்போட, மறுகாயம் ஏறக்குறையப் பாதி பாதியாகக் குறைந்ததை 2016-இல் வெளிவந்த நார்வே ஆய்வு காட்டியது. 2022 டிசம்பர் 30 கார் விபத்தில் முட்டி ஜவ்வுகள் கிழிந்த கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த், 2024 மார்ச்சில்தான் களமிறங்கினார். அந்தச் செப்டம்பரில் சேப்பாக்கத்தில் வங்கதேசத்துக்கு எதிராக 109 ரன் அடித்தபோது நாம் கைதட்டியது ஓராண்டுக்கும் மேலான பயிற்சிக்கும் சேர்த்துத்தான்.

ஓராண்டு முழுக்கப் பயிற்சியிலேயே இருக்கும் வசதி நம் வீட்டுப் பிள்ளைக்கு இல்லை. பல காப்பீட்டுப் பாலிசிகள் வீடு திரும்பிய பின் 60 அல்லது 90 நாள் செலவோடு நின்றுவிடுகின்றன; காலுக்கோ ஒன்பது மாதம் தேவை. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவந்தது நல்ல தொடக்கம். முட்டி அறுவை செய்துகொண்ட ஒவ்வொருவரையும் அந்த உதவி எட்ட வேண்டும். அறுவைக்குப் பணம் புரட்டும்போதே பிசியோதெரபிக்கும் எடுத்துவையுங்கள். அலுவலகம் கொடுக்கும் விடுப்பையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கத்தி வைப்பது ஒருநாள் வேலை; காலை மீட்பது அதற்கப்புறம் அன்றாடம் செய்யும் பயிற்சி.