பத்தொன்பது பிட்டை எட்டெட்டாக அனுப்புவது எப்படி?

சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2001ஆம் ஆண்டு முதல் வேலை செய்துவரும் கனடார்ம்2 கனடாவின் பிறம்ரனில் உருவான இயந்திரக் கை. நீளம் 17.6 மீற்றர், ஏழு மூட்டுகள். அவ்வளவு நீண்ட கையின் தோள்மூட்டு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதைக் கணினிக்குச் சொல்ல எத்தனை பிட் வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முழுச் சுற்றை 8 பிட்டில் எழுதினால் 256 படிகள்தான். கை நிமிர்ந்து நீண்டிருந்தால், ஒரு படிக்கு அதன் நுனி 43 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். 12 பிட் என்றால் 2.7 சென்ரிமீற்றர். 16 பிட்டில்தான் அது 1.7 மில்லிமீற்றராகச் சுருங்கும்.

இப்படி ஒன்றாக அனுப்பப்படும் பிட்களின் தொகுதிக்குச் 'சொல்' என்று பெயர். நிலையத்தின் கணினிகளை இணைக்கும் 1553 என்ற தொடர்வழித் தடத்தில் சொல்லின் நீளம் மாறாதது: 16 பிட் தரவு, முன்னால் மூன்று பிட் நேரத்துக்கு ஒத்திசைவுக் குறி, பின்னால் பிழை பார்க்க ஒரு பிட். ஒரு செய்தியில் 32 தரவுச் சொற்களுக்கு மேல் போகாது. அந்தத் தடத்தில் சேரும் எந்தச் சாதனமும் இதற்கு அடங்கித்தான் ஆகவேண்டும்.

வீட்டு மேசையில் சிப்களை இணைக்க நாம் பயன்படுத்தும் எஸ்.பி.ஐ. என்ற தொடர்வழித் தடம் அப்படியல்ல. மோட்டரோலா கொண்டுவந்த இந்த முறையில் சொல்லின் நீளத்துக்குப் பொதுவிதி கிடையாது. சிப்பைச் செய்தவர் வைத்ததே அளவு. ஆர்டுயினோ ஊனோவில் இருக்கும் மைக்ரோகொன்ட்ரோலர் ஒரு தடவைக்கு, பிட்டுக்கு ஒன்றாக, எட்டுத் துடிப்புகள் மட்டுமே தரும். எம்.சி.பி.3208 என்ற 12 பிட் அனலொக்–டிஜிற்றல் மாற்றிக்கோ ஓர் அளவீட்டுக்கு 19 துடிப்புகள் தேவை. 19 எட்டால் வகுபடாது.

இதற்கான தீர்வின் எளிமை எனக்கு மிகவும் பிடிக்கும். தொடக்க பிட்டாக ஒரு 1 வரும்வரை அந்தச் சிப் எதையும் பொருட்படுத்தாது. ஆகவே முன்னால் ஐந்து பூச்சியங்களைச் சேர்த்தால் 24 பிட், சரியாக மூன்று பைட். விடையின் மேல் நான்கு பிட்கள் இரண்டாம் பைட்டின் கடைசியிலும் மீதி எட்டும் மூன்றாம் பைட்டிலும் வந்துசேரும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: மூன்று பைட்டும் போய் முடியும்வரை சிப்பைத் தெரிவு செய்யும் வயர் தாழ்நிலையிலேயே இருக்கவேண்டும். நடுவில் அது உயர்ந்தால் சிப் அளவீட்டைக் கைவிட்டுவிடும். சில கொன்ட்ரோலர்கள் ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் அந்த வயரைத் தாமாகவே உயர்த்திவிடுகின்றன. மாணவர்கள் மணிக்கணக்காக மண்டையை உடைத்துக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

பூச்சியம் சேர்க்கும் வழி எல்லா இடத்திலும் செல்லாது. சில சிறிய வண்ணத் திரைகள் ஒன்பது பிட் சொல் கேட்கும். வருவது கட்டளையா படத் தரவா என்று முதல் பிட் சொல்லும். அங்கே பூச்சியம் என்றாலே கட்டளை. அதனால் எட்டுச் சொற்களை நெருக்கி அடுக்கி, 72 பிட்டை ஒன்பது பைட்டாக அனுப்பலாம். அல்லது கொன்ட்ரோலரை மாற்றலாம். எஸ்.ரி.எம்.32 குடும்பத்தில் எஃப்103 வகை 8 அல்லது 16 பிட்தான் தரும். எஃப்0 வரிசையில் 4 முதல் 16 வரை விரும்பிய நீளத்தை வைத்துக்கொள்ளலாம். வாங்குமுன் தரவுத்தாளில் இந்த ஒரு வரியைத் தேடிப் பாருங்கள்.