கரஸ்ல பி.காம்: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

பாப்பிரெட்டிப்பட்டி, பொம்மிடி, கடத்தூர் பக்கம் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு மண்டியிலோ ஜவுளிக்கடையிலோ கணக்கு எழுதும் பிள்ளைகள் நிறையப் பேர். கல்யாணமாகிப் படிப்பை விட்ட பெண்களும் உண்டு. ‘கரஸ்ல பி.காம் போடலாமா, பரீட்சையைத் தமிழ்லயே எழுதலாமா?’ என்று கேட்கிறார்கள். எழுதலாம். 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்வழி பி.காம். இருக்கிறது. நம் தருமபுரி மாவட்டத்துக்குரிய சேலம் பெரியார் பல்கலைக்கழகமும் தொலைநிலைக் கல்வி நடத்துகிறது. முறையான அங்கீகாரத்தோடு பெறும் தொலைநிலைப் பட்டம் கல்லூரிக்குப் போய்ப் படித்த பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022 செப்டம்பரில் தெளிவாகவே அறிவித்தது.

அந்த அங்கீகாரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் பாடத்துக்கு, சேரும் பருவத்துக்கு, யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு (டெப்) அனுமதி தந்திருக்க வேண்டும். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேள்விப்படாதவர் இல்லை. அதன் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014–15 வரைதான் அனுமதி இருந்தது என்றும், அதற்குப் பிந்தைய பட்டங்கள் செல்லாது என்றும் யு.ஜி.சி. 2022 மார்ச்சில் அறிவித்தபோது எத்தனை குடும்பங்கள் கலங்கியிருக்கும்! ஆகவே, போன வருடம் அண்ணன் படித்தார் என்பதை நம்பிச் சேராதீர்கள். இந்த வருடப் பட்டியலை யு.ஜி.சி. இணையதளத்தில் நீங்களே பாருங்கள். 2024 செப்டம்பர் சேர்க்கையிலிருந்து மாணவரே அந்தத் தளத்தில் ஆதாரும் ஏ.பி.சி. (அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்) எண்ணும் கொடுத்து ‘டெப் ஐடி’ எடுக்க வேண்டும். அது வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லும் இடத்தில் உட்காரவே உட்காராதீர்கள்.

பேருந்து நிலையத்தருகே பலகை மாட்டிய ‘அட்மிஷன் சென்டர்’ பல்கலைக்கழகம் ஆகாது. ஏஜென்சி கொடுத்து மாணவர் சேர்ப்பதை விதிகள் தடை செய்கின்றன. கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்கில் நேராகக் கட்டி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அசல் மார்க் ஷீட்டைச் சரிபார்க்கக் காட்டலாம். பிடித்து வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

தமிழ்வழி என்பதையும் சேரும் போதே உறுதி செய்யுங்கள். மாநில அரசுப் பணி நியமனங்களில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பட்டத்தை மட்டும் தமிழில் படித்தால் போதாது. பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்வழியாக இருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் தமிழில் படித்த நம் பிள்ளைகளுக்கு இது பெரிய சொத்து. விண்ணப்பத்தில் ஆங்கிலவழி என்று யாரோ டிக் அடித்துவிட்டால் அந்த உரிமை கைநழுவிப் போகும். பயிற்று மொழிச் சான்றிதழைப் பல்கலைக்கழகத்திடம் கேட்டு வாங்குங்கள். சி.ஏ. கனவு உள்ளவர்கள் ஆங்கிலத்தையும் கூடவே வளர்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும்.

ஏமாந்துவிட்டால்? போலிப் பல்கலைக்கழகத்துக்கு 1956ஆம் ஆண்டு யு.ஜி.சி. சட்டம் விதிக்கும் அபராதம் அதிகபட்சம் 1,000 ரூபாய். வெட்கக்கேடான தொகை. அதை நம்பாமல், ஏமாற்றிய ஆள் மீது மோசடிப் புகாரைக் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை தண்டனைக்கு இடமுண்டு. போனில் பணம் அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள். பல்கலைக்கழகமே இழுத்தடித்தால் யு.ஜி.சி.யின் ‘இ-சமாதான்’ தளத்தில் புகார் பதியலாம். வக்கீல் வைக்க வசதியில்லை என்று ஒதுங்க வேண்டாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. அதற்கான எண் 15100.