கேட்டவர் யார்? (தொடர் கட்டுரை – 7)

ஆய்க்குடி பாலசுப்பிரமணிய சுவாமி கோயிலருகே அநுமன் நதிக்கரையில் உட்கார்ந்து நீரைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு, அந்நீர் சிற்றாற்றிற் கலந்து, கிழக்கே நெடுந்தூரம் ஓடி, கங்கைகொண்டானையும் தொட்டுக்கொண்டு தாமிரபரணியை அடைகிறது என்பது எளிதில் நினைவுக்கு வருவதில்லை. எனக்கு நினைவுக்கு வந்ததற்கு மடியில் இருந்த புத்தகமே காரணம்: 1918-இல் சென்னை சர்வகலாசாலையின் பொருளாதார ஆராய்ச்சி வரிசையில் முதலாவதாகப் பிரசுரமான, கில்பர்ட் ஸ்லேட்டர் பதிப்பித்த தென்னிந்தியக் கிராமங்களைப் பற்றிய நூல். வெளிவந்துவிட்ட ஓர் ஆராய்ச்சியை அதன் முடிவிலிருந்து பின்னோக்கி அவிழ்த்துக்கொண்டே போய், அது பிறந்த முதற் கேள்வியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று சென்ற வாரம் பொதுப்படச் சொல்லியிருந்தேன். இவ்வாரம் அதை இந்நூலின்மீதே பிரயோகித்துப் பார்ப்போம்.

ஸ்லேட்டர் இலண்டன் வுல்விச்சில் மேயராக இருந்தவர். இங்கிலாந்தில் ஊர்ப்பொது நிலங்கள் வேலியிட்டு அடைக்கப்பட்ட சரித்திரத்தை எழுதியவர். 1915-இன் இறுதியில் சென்னைக்கு வந்து, இந்தியப் பொருளாதாரத்திற்கு முதற் பேராசிரியராக அமர்ந்த அவர், மறு வருஷத்துக் கோடை விடுமுறைக்கு ஊர் திரும்பிய மாணாக்கர் கையில் ஒரு வினாநிரலைக் கொடுத்து, அவரவர் கிராமத்து நிலம், தொழில், கால்நடை, கடன் முதலியவற்றை விசாரித்து வரச் சொன்னார். இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, வடமலைபுரம், நம் திருநெல்வேலிப் பக்கத்துக் கங்கைகொண்டான் ஆகிய ஊர்கள் நூலேறியது இவ்விதமே.

இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். இவ்வூர்கள் திருவுளச்சீட்டுப் போட்டு எடுக்கப்பட்டவை அல்ல. கலாசாலைக்குப் பிள்ளையை அனுப்ப வசதியுள்ள வீடொன்று எந்த ஊரில் இருந்ததோ, அந்த ஊரே ஆராய்ச்சிக்கு உரிய ஊராயிற்று. 1916-இல் அத்தகைய வீடு பெரும்பாலும் எந்தத் தெருவில் இருந்திருக்கும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவ்வீட்டுப் பிள்ளை நோட்டும் பென்சிலுமாய்ச் சேரிக்குப் போய், தன் தகப்பனாரிடமே கடன்பட்டிருக்கக் கூடிய ஒருவனைப் பார்த்து, 'உனக்குக் கடன் எவ்வளவு?' என்று கேட்டிருந்தால், கிடைத்த விடையின் பெறுமானம் என்ன? ஆனால் அதே பிள்ளைக்கு அந்நியன் ஒருவனுக்கு வாய்க்காத அநுகூலமும் உண்டு. நம் பக்கத்தில் 'கோட்டை' என்பது நெல்லின் அளவு. அவ்வளவு விதை பிடிக்கும் வயலுக்கும் கோட்டை விதைப்பாடு என்றே பெயர். 'எனக்கு ரெண்டு கோட்டை' என்று ஒருவன் சொன்னால், அவன் களத்தைச் சொல்கிறானா, வயலைச் சொல்கிறானா என்பது ஊர்ப்பிள்ளைக்கு உடனே விளங்கும். வெளியூர்க்காரன் நெல்லை நிலமாக எழுதிக்கொண்டு போய்விடுவான்.

பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் இதே ஊர்களை மறுபடி ஆராய்வித்து 1940-இல் நூலாக்கினார்கள். பின்பு 1980-களின் முற்பகுதியில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ். குகன் முதலியோர் மீண்டும் அவ்வூர்களுக்குப் போனார்கள். ஓர் ஆராய்ச்சிக்கு இதைவிடப் பெரிய மரியாதை செய்ய முடியாது என்பது என் அபிப்பிராயம். எனினும் ஒப்பிடுகிறவன் அவசரப்படலாகாது. முதற்கணக்கு ஐரோப்பிய யுத்தத்தின் நடுவே எடுத்தது. இரண்டாவது, உலகெங்கும் பரவிய மந்தத்தில் நெல்விலை விழுந்து, குடியானவன் இன்னும் நிமிராத 1930-களில் எடுத்தது. இவ்விரண்டு புள்ளிகளுக்கும் நடுவே ஒரு கோட்டைக் கிழித்து, 'கிராமம் இப்படிச் சரிந்தது' என்று தீர்ப்பெழுதினால், அது கிராமத்தின் கதையா, விலைவாசியின் கதையா என்று வாசகன் கேட்பான், கேட்க வேண்டும்.

இவ்வளவும் எழுதியபின், நாமே ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்த்தால் என்ன என்று தோன்றவே, நாற்று நடுகிற ஆச்சி ஒருத்தியின் வீட்டுத் திண்ணைக்குப் போனேன். மருமகன் வாசலில் பீடி பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஆச்சி, கடன் கிடன் ஏதும் உண்டா?"

"ஒரு பைசா கெடையாது தம்பி."

அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருமுனை திரும்பும்வரை ஆச்சி வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்: "கடன் கணக்கை நடுவாசல்ல வச்சா கேப்பாவ? கம்மலு அடகுல கெடக்கு. அவனுக்குத் தெரியாது."

நோட்டில் முதலில் எழுதிய 'கடன் இல்லை' என்பதை நான் அடிக்கவில்லை. அதன் கீழே இரண்டாவது விடையை எழுதி, பக்கத்தில் நேரத்தையும், முதல் விடையின்போது அருகில் நின்றவர் யார் என்பதையும் குறித்துக்கொண்டேன்.