தராசில் தொங்கிய உயிர்

ஒன்பதாம் வகுப்பில் 'ஹிஸ் லைஃப் ஹங் இன் த பேலன்ஸ்' என்பதற்குப் பொருள் கேட்டிருந்தேன். 'அவர் உயிர் தராசில் தொங்கியது' என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். தவறு எனச் சிவப்பு மையால் குறித்துவிட்டேன். வீட்டில் அகராதியைப் புரட்டியபோது சங்கடமாகிவிட்டது. பேலன்ஸ் என்பதன் பழைய பொருளே தராசுதான். 'இரு தட்டு உடையது' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எந்தத் தட்டு இறங்குமோ என்ற நிலையையே அத்தொடர் சொல்கிறது. (மற்றவர்கள் எழுதியது, கடையில் வாங்கும் மீதிச் சில்லறை!)

மறுநாள் மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்து, "தமிழில் உயிர் ஊசலாடுகிறது என்போம்" என்றேன்.

"மனசு ஊசலாடுதுன்னும் சொல்றோமே டீச்சர், அதுக்கும் இதையே எழுதலாமா?"

கூடாது. முடிவு தெரியாத உயிர், வேலை, ஆட்டம் இவற்றுக்குத்தான் அந்த ஆங்கிலத் தொடர். தயங்கும் மனத்துக்கு வராது.