ஊருக்கெல்லாம் தெரிந்த ரகசியம்

“ஊர்ல யாருக்கும் தெரியாம எடுத்து வளக்க முடியுமா அண்ணாச்சி?” டீ கைக்கு வருமுன்பே, என்னைப் பார்க்க வந்திருந்த தம்பி கேட்டுவிட்டார். அவர் வீட்டுக்காரி ஒன்றும் பேசாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பல வருஷம். மதுரையில் ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. இப்போது தத்தெடுக்கலாம் என்று மனசு வந்திருக்கிறது. எங்கள் அண்ணன் வீட்டில் அப்படி வந்த பிள்ளை வளர்வதால் இந்த யோசனையில் இருக்கிறவர்களை யாராவது என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள். எனக்கும் பேசப் பிடிக்கும்.

முடியாது என்றேன். சாத்தூரைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில் ஒருத்திக்கு நாள் தள்ளிப்போனால் குழாயடிக்கு அது மறுநாளே தெரியும். பிறகு வளைகாப்பு, தாய் வீட்டுக்கு அழைத்துப் போவது, ஆஸ்பத்திரிக்கு ரசம் சோறு கொண்டுபோவது என்று ஊரே சேர்ந்து நடத்துகிற காரியம் அது. இதில் எதுவும் நடக்காமல் ஒரு நாள் உங்கள் வீட்டுக் கொடியில் பிள்ளைத் துணி காய்ந்தால் யாருக்குப் புரியாது? சிலர் வெளியூருக்கு வீடு மாறிப் பார்க்கிறார்கள். அங்கேயும் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் சொந்தக்காரர்கள் பஸ் ஏறி வரத்தான் செய்வார்கள். ஆக, ஊருக்குத் தெரியும். பிள்ளைக்கு யார் வாயால் தெரியப்போகிறது என்ற ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கிறது. அதையும் விட்டுவிட்டால் ரேஷன் கடை வரிசையில் யாரோ ஒருத்தர் சொல்லிக்கொள்வார்.

இந்த ரகசிய ஆசைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. நேரே கொண்டுபோய் புரோக்கரிடம் விட்டுவிடும். “ஆஸ்பத்திரியிலயே உங்க பேருல பெர்த் சர்டிபிகேட் போட்டுத் தந்திருவோம்” என்பார்கள். 2019-இல் ராசிபுரத்தில் குழந்தை விற்பனை ஆடியோ ஒன்று வெளியாகித் தமிழ்நாடே பேசியது நினைவிருக்கும். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, முறைப்படி அல்லாமல் குழந்தையைத் தத்துக் கொடுத்தாலும் வாங்கினாலும் மூன்று ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. விலைக்கு வாங்கியது என்றால் ஐந்து ஆண்டுவரை கடுங்காவல். அதைவிடப் பெரிய கஷ்டம், பள்ளிக்கூடம் போகிற வயசில் பிள்ளையைப் போலீஸ் வந்து மீட்டுக்கொண்டு போவது.

சரியான வழி கொஞ்சம் நீளம். காரா என்று சொல்லுகிற மத்திய ஆணையத்தின் கேரிங்ஸ் இணையதளத்தில் பதிய வேண்டும். பிறகு சமூகப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வருவார். வருமானம், உடம்பு, வீட்டில் யார் யார் என்று விசாரித்து அறிக்கை எழுதுவார். எங்கள் அண்ணன் வீட்டுக்கு வந்தவருக்காக மதினி முந்தின நாளே வெள்ளையடிக்க ஆள் பார்த்தாள். வந்தவர் சுவரைப் பார்க்கவே இல்லை. எங்கள் அம்மாவைத் தனியாக உட்காரவைத்து, “பேத்தின்னு உங்க மனசு ஏத்துக்குமா பாட்டி?” என்று கேட்டுவிட்டுப் போனார். வீட்டுப் பெரியவர்களின் மனசை முன்கூட்டியே தெரிந்துகொள்வது எவ்வளவு அவசியம் என்று பிற்பாடுதான் புரிந்தது.

“காத்திருக்கணும்னு சொல்றாங்களே, அனாதைப் பிள்ளைகதான் இவ்வளவு இருக்கே?” என்றார் தம்பி. எல்லோரும் கேட்பதுதான். விடுதியில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உறவோ இருக்கிறது, அவர்களைத் தத்துக் கொடுக்க முடியாது. விட்டுச் செல்லப்பட்ட குழந்தை கிடைத்தால் போட்டோவோடு பத்திரிகையில் விளம்பரம் போட்டுப் பெற்றவர்களைத் தேடுவார்கள். குழந்தைக்கு இரண்டு வயதுக்குள் என்றால் இரண்டு மாதம், அதற்கு மேல் என்றால் நான்கு மாதம். பெற்றவளே குழந்தைகள் நலக் குழுவின் முன் எழுதிக் கொடுத்தாலும் அவள் மனம் மாறுவதற்கு 60 நாள் அவகாசம் உண்டு. அதெல்லாம் முடிந்த பிறகுதான் தத்துக்கு உரிய குழந்தை என்று குழு அறிவிக்கும். 2024-25-இல் நாடு முழுக்கத் தத்துப் போன குழந்தைகள் 4,515 பேர். வரிசையில் நிற்கிற பெற்றோரோ முப்பதாயிரத்துக்கும் மேல். சேலத்தில் 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கிய காலத்து நிலைமை வேறு, இன்றைய நிலைமை வேறு. கைக்குழந்தைதான் வேண்டும் என்றால் மூன்று வருஷம், அதற்கு மேலேயும் ஆகலாம். ஐந்தாறு வயதுப் பிள்ளை என்றாலும் சரி என்பவர்களுக்குச் சீக்கிரம் வரும்.

“உங்க ரெண்டு பேரு வயசையும் கூட்டிச் சொல்லுங்க” என்றேன். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமானால் கணவன் மனைவி வயதுக் கூட்டுத்தொகை 85-ஐத் தாண்டக் கூடாது. நான்கு வயதுவரை என்றால் 90, எட்டுவரை 100. இவர்களுக்கு 78 வந்தது. யோசித்துக்கொண்டே இருந்தால் வருஷத்துக்கு இரண்டு இரண்டாக ஏறும் என்றதும் அந்தப் பெண் கணவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் பழைய சண்டை ஏதோ இருந்தது.

வரிசை வந்ததும் குழந்தையின் போட்டோவும் மருத்துவ அறிக்கையும் இணையத்தில் தெரியும். 48 மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். நேரில் பார்த்து ஏற்றுக்கொண்டால் வளர்ப்புப் பராமரிப்பு என்ற பேரில் குழந்தை முதலில் வீட்டுக்கு வந்துவிடும். தத்து ஆணை முன்பு கோர்ட்டில் வாங்க வேண்டியிருந்தது. 2022 செப்டம்பர் 1 முதல் கலெக்டரே தருகிறார். பிறப்புச் சான்றிதழில் உங்கள் பேர்தான் இருக்கும். இரண்டு வருஷத்துக்கு ஆறு மாசத்துக்கு ஒருதரம் வந்து பார்ப்பார்கள். அக்கா பிள்ளை, தம்பி பிள்ளையை எடுப்பதானால் 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டப்படி பத்திரம் பதிந்து முடிக்கலாம். ஆனால் பெற்றவளும் வளர்ப்பவளும் ஒரே தெருவில் இருந்தால் பிள்ளை யாரிடம் அடம் பிடித்தால் காரியம் ஆகும் என்று கண்டுபிடித்துவிடும். அதைப் பற்றிப் பேச இன்னொரு டீ வேண்டும்.

பேப்பர் வேலை இவ்வளவுதான். ஊர் இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

பிள்ளை வந்த வாரம் வீடு நிறைய ஆள். தூக்கிக் கொஞ்சுகிறார்கள், கையில் ரூபாய் திணிக்கிறார்கள். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே குரலைத் தணித்து ஒரு கேள்வி: “என்ன ஆளுக?” எங்கள் பக்கத்தில் சாதியை அப்படித்தான் கேட்பார்கள். அண்ணன் சட்டம் பேசினான், தத்தெடுத்த பிள்ளைக்கு எல்லா வகையிலும் இந்த வீடுதான் வீடு என்று. ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த எங்கள் அம்மா, “என் மகன் பிள்ள என்ன ஆளுகளா இருக்கும்?” என்றாள். கேட்டவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இந்த மாதிரி கேள்விகளுக்குப் பெற்றோர் சொல்லும் பதிலைவிடப் பெரியவர்கள் சொல்லும் பதில்தான் எடுபடுகிறது. அந்தச் சமூகப் பணியாளர் அம்மாவை ஏன் தனியாக உட்காரவைத்தார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

பிள்ளையை ஊரோடு சேர்த்துக் கட்டியது இருக்கன்குடி. மாரியம்மன் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்த நாள் குறித்தாயிற்று. பிரச்சினை, யார் மடியில் உட்காரவைப்பது? தாய்மாமன் மடிதான் முறை. மதினியின் தம்பி அருப்புக்கோட்டையில் நூல் வியாபாரம் செய்கிறான். அவன் வருவானா என்பதில் யாருக்கும் நிச்சயமில்லை, பிள்ளை வந்ததிலிருந்து போனில்கூடச் சரியாகப் பேசவில்லை. மதினி வற்புறுத்தவில்லை, பத்திரிகையில் மட்டும் தாய்மாமன் என்று அவன் பேரைப் போட்டு அனுப்பிவிட்டாள். காலையில் வைப்பாற்று மணலில் வேன் நின்றது. தாம்பாளத்தில் பட்டுப் பாவாடை, வெள்ளிக் கொலுசு, வாழைப்பழம், கற்கண்டு என்று சீர்வரிசையோடு இறங்கினான். ஆசாரி தங்கக் கம்பியை எடுத்ததும் பிள்ளை மாமன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்திய கத்தில் பொத்தான் ஒன்று தெறித்துவிட்டது. “என் மருமகளுக்கு நல்ல பிடி” என்று சிரித்தான். அன்றைக்குப் பிறகு அருப்புக்கோட்டைச் சொந்தம் முழுக்க அவளுக்கு முறை வைத்துக் கூப்பிட ஆரம்பித்தது. நம்மிடம் மனசு வருவதற்கு முன்னால் முறை வந்துவிடும். மாமன் மடியில் உட்கார்ந்த பிள்ளைக்கு அத்தையும் மச்சானும் மதினியும் தானாக முளைத்துவிடுவார்கள், அப்புறம் அவளை வெளியாள் என்று நினைக்க வழியே இல்லை. ஆகவே தத்தெடுக்க யோசிக்கிறவர்கள் ஒரு நடை மச்சான் வீட்டுக்கும் போய்வருவது நல்லது.

ஏச்சைத் தாங்கிக்கொள்ளலாம். புகழ்ச்சியைத்தான் தாங்க முடியாது. “பெரிய புண்ணியம் பண்ணிட்டீங்க” என்று பிள்ளையை வைத்துக்கொண்டே சொல்வார்கள். பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் இருப்பதால் எங்களுக்கு ஒரு கதையும் தயாராக இருக்கிறது: துளசித் தோட்டத்தில் பெரியாழ்வாருக்கு ஆண்டாள் கிடைத்த மாதிரி! நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் தெய்வமாக வந்த பிள்ளை வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் அதட்ட முடியுமா? புண்ணியத்துக்காக எடுத்த பிள்ளை என்றால், வாழ்நாள் முழுக்க நன்றியோடு நடந்துகொள்ள வேண்டும் என்று அது நினைத்துவிடாதா? மதினி இதற்கு ஒரே பதில் வைத்திருக்கிறாள்: “எங்களுக்குப் பிள்ள வேணும்னு இருந்துச்சு, எடுத்தோம். புண்ணியமெல்லாம் இல்ல.”

தத்தெடுத்ததைப் பிள்ளையிடம் சொல்வது எப்போது? பேச்சு வருவதற்கு முன்னால் சொல்லத் தொடங்க வேண்டும். ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில் ஒன்பதாவது பிறந்தநாளில் அமுதாவுக்குச் சொல்கிறார்கள். சினிமாவுக்கு அந்த அதிர்ச்சி தேவை, வீட்டுக்குத் தேவையில்லை. ஒன்பது வயசில் உட்காரவைத்துச் சொன்னால், அதுவரை எல்லோரும் மறைத்தார்கள் என்பதுதான் பிள்ளை மனசில் முதலில் தைக்கும். கைக்குழந்தைக்குப் புரியாதே என்பார்கள். புரிய வேண்டியது பிள்ளைக்கில்லை, சொல்லிப் பழக வேண்டியது உங்கள் நாக்கு.

மதினி தூங்கவைக்கும்போது சொன்னாள். அப்பாவும் அம்மாவும் வெள்ளை வேனில் போனோம், ஒரு அத்தை உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தாங்க, நீ அழவே இல்லை, அம்மா வளையலைப் பிடித்து இழுத்தாய், நீல வளையல். கேட்டுக் கேட்டுப் பிள்ளைக்கு மனப்பாடம். ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் மதினி பச்சை வளையல் என்று சொல்லிவிட, “நீலம்!” என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் சண்டையில், “நீ எடுத்து வளத்த பிள்ளதானே” என்றான். இவள் “ஆமா, வெள்ள வேன்ல வந்தேன். நீ எதுல வந்த?” என்று கேட்டிருக்கிறாள். பாவம், அந்தப் பையனுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் அவன் கேட்டதில் அவன் அம்மா எங்களிடம் சண்டைக்கு வந்தது தனிக்கதை.

சில்லறைச் சங்கடங்கள் இருக்கத்தான் செய்யும். ‘என் குழந்தைப் பருவப் போட்டோ’ ஒட்டி வரச் சொல்வார்கள், பிறந்த நாளன்று எடுத்தது இருக்காது. வந்த நாள் போட்டோவை ஒட்டிவிடலாம். வகுப்பு டீச்சரிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் போதும். பரம்பரையில் சர்க்கரை உண்டா என்று டாக்டர் கேட்டால், தத்துப் பிள்ளை, தெரியாது என்று சொல்லிவிடுங்கள். கூச்சப்பட்டு உங்கள் வம்சத்துச் சர்க்கரையை எழுதவைத்துவிடாதீர்கள்.

பதிமூன்று, பதினான்கு வயசில் ஒரு கோபத்தில், “நீ என்ன பெத்த அம்மாவா?” என்று வரும். வராமலும் போகலாம், வரும் என்று வைத்துக்கொள்வது நல்லது. அன்றைக்கு அழுது ஆர்ப்பாட்டம் பண்ணினால், இந்த ஆயுதம் வேலை செய்கிறது என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். பெற்ற பிள்ளைகள் அந்த வயசில் “உன் வயித்துல ஏன் பொறந்தேனோ” என்கிறார்கள். இரண்டும் ஒரே கோபம்தான்.

அதுவரை வாய் திறக்காத அந்தப் பெண் அப்போதுதான் கேட்டாள்: “பெத்தவ நாளைக்கு வந்து கேட்டா அண்ணாச்சி?”

கேட்க முடியாது தங்கச்சி. தத்து ஆணை வந்த நாளோடு சட்டப்படி அந்த உறவு முடிகிறது, உங்கள் விலாசத்தை யாருக்கும் தர மாட்டார்கள். ஆனால் பிள்ளை தேடலாம். பதினெட்டு வயசு ஆனதும் தன் பிறப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள அவளே விண்ணப்பிக்கலாம். அதற்கு முன்னால் என்றால் பெற்றோரோடு சேர்ந்து. பெற்றவள் பேரைச் சொல்லச் சம்மதிக்காவிட்டால் சொல்ல மாட்டார்கள், மற்ற விவரங்களைச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் இதைப் பற்றியும் பேச்சு வந்தது. “தேடணும்னா நானும் கூட வருவேன், உன்னத் தனியா பஸ் ஏத்தி விடுவேனா?” என்றுதான் மதினி சொல்லியிருக்கிறாள். அவள் ராத்திரி அதை நினைத்து அழுததும் அண்ணன் சொல்லித் தெரியும். இரண்டும் உண்மைதான். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

“சரி அண்ணாச்சி, எங்க ஆரம்பிக்க?” என்றார் தம்பி. விருதுநகர் கலெக்டர் ஆபீசில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கே என்று கேளுங்கள், பதிவுக்கு அவர்களே உதவுவார்கள். பான் கார்டு, வயதுச் சான்று, விலாசச் சான்று, வருமானச் சான்று, டாக்டர் சர்டிபிகேட், திருமணப் பதிவுச் சான்று எல்லாம் வேண்டும். திருமணத்தைப் பதியவே இல்லையே, கோயிலில்தான் நடந்தது என்றார். எங்கள் பக்கம் பாதிப் பேர் கதை அதுதான். அப்படியென்றால் திங்கட்கிழமை முதல் வேலையாகக் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு சார்பதிவாளர் ஆபீசுக்குப் போங்கள், கூடவே கையெழுத்துப் போடச் சாட்சிக்கு ஆள் வேண்டும், மச்சானைக் கூப்பிடுங்கள் என்றேன்.