பழைய ஸ்கூபா சிலிண்டர் வாங்கப் போறீங்களா? முதல்ல தேதியைப் பாருங்க!

ஸ்கூபா டைவிங் என்றாலே கடலுக்கு அடியில் என்ன ஆகுமோ என்றுதான் பயப்படுவோம். ஆனால், பழைய அலுமினிய சிலிண்டர்கள் பெரும்பாலும் வெடித்தது கரையில், காற்று நிரப்பும்போது! நிரப்பிக்கொண்டிருந்தவர்கள் படுகாயம் அடைந்திருக்கிறார்கள்.

என்ன காரணம்?

அமெரிக்காவில் லக்ஸ்ஃபர் நிறுவனம் 1988 வரை 6351 என்ற அலுமினியக் கலவையில் சிலிண்டர் தயாரித்தது. ஒரு சதுர அங்குலத்துக்கு சுமார் 3,000 பவுண்டு அழுத்தத்தை வருஷக்கணக்கில் தாங்கும்போது, இதன் கழுத்துப் பகுதியில், வால்வு திருகும் மரைக்கு அருகே மெல்ல விரிசல் வளரலாம். வெளியே ஒண்ணும் தெரியாது. பிறகு 6061 கலவைக்கு மாறினார்கள். அதில் இந்தச் சிக்கல் இல்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது?

தண்ணீர் நிரப்பிச் செய்யும் அழுத்தச் சோதனையில் பாஸ் ஆனாலும் இந்த விரிசல் சிக்காமல் போகலாம். அதனால்தான் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை, 6351 சிலிண்டர்களுக்கு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை ‘எடி கரன்ட்’ என்ற மின்காந்தச் சோதனையையும் 2007 முதல் கட்டாயமாக்கியது.

நாம் என்ன செய்யணும்?

எல்லா 6351 சிலிண்டரும் வெடிக்காது. வெகு சிலவற்றில்தான் விரிசல் வருகிறது. ஆனால் எதில் என்று பார்வையால் மட்டும் சொல்லிவிட முடியாது. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்தால், தோள்பகுதியில் குத்தியிருக்கும் தயாரிப்புத் தேதியைப் பாருங்க. 1990-க்கு முந்தையதா? சோதனைச் சான்று இல்லாமல் நிரப்பக் கொடுக்காதீங்க. அந்த நேரத்தில் சிலிண்டர் பக்கத்தில் நிற்கப்போவது நீங்க இல்லை, கடையில் வேலை பார்க்கிறவர்.