பைன் மரமும் அதனடியில் முளைக்கும் காளானும்: விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் பைன் மரக்காடுகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கு நடப்பட்ட முக்கிய இனங்களில் ஒன்று பைனஸ் பட்டுலா. இதன் தாயகம் மெக்சிகோ. பைன் வேர்களோடு சேர்ந்து வாழும் காளான்களில் ஒன்று அமானிட்டா மஸ்காரியா. சிவப்புக் குடையும் வெள்ளைப் புள்ளிகளும் இதன் அடையாளம்.

வேறுபாடுகள்

* உணவு: பைன் ஒரு தாவரம். ஊசி இலைகளில் உள்ள பச்சையத்தால் தன் உணவைத் தானே தயாரிக்கும். காளான் ஒரு பூசணம். அதற்குப் பச்சையம் கிடையாது.
* இனப்பெருக்கம்: பைன் விதைகள் கூம்புகளில் உருவாகும். காளான் குடையின் அடியிலிருந்து தூள் போன்ற வித்துகளைப் பரப்பும்.
* ஆயுள்: மரம் பல பத்தாண்டுகள் நிற்கும். காளான் குடை சில நாட்களில் அழுகிவிடும். ஆனால் மண்ணுக்குள் அதன் இழைகள் உயிரோடு இருக்கும்.

இரண்டுக்கும் என்ன உறவு?

பூசண இழைகள் பைன் வேர்நுனிகளை உறைபோலச் சுற்றி, மணிச்சத்தையும் நீரையும் தேடித் தரும். பதிலுக்கு மரம் சர்க்கரையைக் கொடுக்கும். போர்ட்டோ ரிக்கோ தீவில் இந்த வகைப் பூசணம் இல்லாததால் பைன் நாற்றுகள் தேறவில்லை. 1950-களில் பைன் காட்டு மண்ணைச் சேர்த்த பிறகே அவை செழித்தன.

உங்கள் பயிருக்கு எது?

பைன் காட்டு மண்ணை அள்ளிவந்து காய்கறிக்குப் போட்டால் இந்தப் பலன் கிடைக்காது. காய்கறிப் பயிர்களுக்கு ஏற்றது வேருக்குள்ளேயே வளரும் வேர் உட்பூசணம், அதாவது வேம். நாற்றங்காலில் ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம் வேம் எடுத்து, விதைக்கும்போது 2 முதல் 3 செ.மீ. ஆழத்தில் இடவும். தக்காளி, மிளகாய், கத்தரிக்கு இது உதவும். முட்டைகோஸ், காலிஃபிளவர், பீட்ரூட் வேர்களில் இந்தப் பூசணம் சரிவர வளராது. அவற்றுக்கு வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

எச்சரிக்கை

அமானிட்டா மஸ்காரியா நச்சுக் காளான். இதே பேரினத்தைச் சேர்ந்த அமானிட்டா பேலாய்ட்ஸ் கல்லீரலைச் சிதைத்து உயிரையே பறிக்கும். சமைத்தாலும் அதன் நஞ்சு போகாது. சாப்பிட்டுப் பல மணி நேரம் கழித்தே வாந்தி, பேதி தொடங்கும். நடுவில் சற்றுத் தேறியது போலத் தெரிந்தாலும் நம்பாதீர்கள். மரத்தடிக் காளானைப் பறித்துச் சாப்பிட்டவருக்கு உடல்நிலை மாறினால், மீதமுள்ள காளானையும் எடுத்துக்கொண்டு உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.